குறை சொல்லும் வேலை

இசோகாய் தொமோஜி மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுவார். அவராக விரும்பி அமைத்துக்கொண்ட பழக்கம் இல்லை அது. அவர் பார்த்த வேலை அப்படி.

நகோயாவில் அந்தக் கம்பெனியின் இரண்டாம் மாடி வரவேற்பு மேசையில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி செய்த கம்பெனி. நாட்டில் பாதி வீடுகளில் எங்கள் பெட்டி இருந்த காலம் அது. பெட்டி எங்களுடையது என்றாலும், அதில் செருகி விளையாடும் கேசட்டுகளுக்கான விளையாட்டுகளைப் பெரும்பாலும் வெளிக் கம்பெனிகள்தான் எழுதின. ஒசாக்காவில், டோக்கியோவில், ஃபுகுவோக்காவில், குடைக்கடை மாடியிலும் சலவைக்கடைப் பின்கட்டிலும் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுதினார்கள்.

ஆனால் அதைக் கேசட்டாக அடிக்கும் உரிமை எங்கள் தொழிற்சாலைக்கு மட்டுமே. எத்தனை அடிப்பது என்பதை நாங்கள் சொல்வோம். எப்போது என்பதையும் நாங்கள் சொல்வோம். ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை விளையாட்டு கொண்டுவரலாம் என்பதும் எங்கள் தீர்ப்புதான். அடிக்கிற செலவை அவர்கள் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். விற்காமல் தேங்கினால் அது அவர்கள் தலைவிதி. அவர்கள் எங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். ‘மேலிடம்’ என்பார்கள். “மேலிடத்துல கேட்டாச்சா?” “மேலிடம் என்ன சொல்லுது?”

அந்த மேலிடத்துக்கு வாயாக இருந்தவர் இசோகாய். வெளிக் கம்பெனிகள் கொண்டுவரும் விளையாட்டை வாங்கிக்கொள்வார். சோதனைப் பிரிவு கண்டுபிடித்த பிழைகளோடு, தானே விளையாடிக் கண்டுபிடித்தவற்றையும் சேர்த்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வந்தவர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார். திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புவார். குறை மட்டும்தான் சொல்லலாம். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. முன்பொரு தரம் யாரோ சொன்ன பாராட்டை ஒரு கம்பெனி விளம்பரத்தில் போட்டு, அதைக் காட்டி இன்னும் கேசட் வேண்டும் என்று சண்டைக்கு வந்ததாம். அதிலிருந்து அந்த விதி.

வெளியாட்களோடு சாப்பிடக் கூடாது என்பது இன்னொன்று. கோடையிலும் வருஷக் கடைசியிலும் வெளிக் கம்பெனிகளிடமிருந்து அவர் பெயருக்கு அன்பளிப்பாகப் பன்றிக்கறிப் பெட்டியும் நூடுல்ஸ் பெட்டியுமாக வந்து குவியும். எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவது என் வேலை. ரயில் மேடையில் யாராவது வெளியாளைப் பார்த்துவிட்டால் இசோகாய் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். சரி, உள்ளே இருப்பவர்களாவது அவரோடு சாப்பிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் சொந்த விளையாட்டுகளைச் செய்யும் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் இளக்காரம். “என்னங்க இசோகாய் சான், உங்க சொந்தக்காரங்க இன்னிக்கு எந்தக் குப்பையத் தூக்கிட்டு வந்திருக்காங்க?” என்பார்கள், பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டு மட்டும் குறையாது. அவர் சிரித்த மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு கடந்து போவார். சாப்பாட்டுக்கூடத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு மேசை அவருடையதாகவே ஆகிவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு தரம் பெண் பார்த்தார்கள். அவருடைய அக்கா ஏற்பாடு செய்தது. சாகாயே பக்கம் ஒரு ஓட்டலில் சந்திப்பு. அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்டாளாம், “அப்போ நீங்க விளையாட்டு செய்றவரா?”

“இல்லைங்க. மத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கறவன்.”

அவள் சிரித்துவிட்டாள். இவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருக்கிறாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் தன் காப்பிக் கோப்பையைக் கலக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒசாக்காவிலிருந்து சாசானாமி என்று ஒரு சின்னக் கம்பெனி வரும். அதன் சார்பில் எப்போதும் வருபவர் மினேகிஷி ஃபுசாயே. நாற்பதை நெருங்கும் பெண், கனத்த தோல்பை, நிற்காமல் ஓடும் ஒசாக்கா நாக்கு. காத்திருக்கும் கூடத்தில் மற்ற கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். இருக்கிற கேசட்டை இவர்களுக்குள்தானே பங்கு போட வேண்டும். மினேகிஷி மட்டும் நேராக என் மேசைக்கு வருவார்.

“ஓகிசோ சான், பூசாரி இன்னிக்கு எப்படி இருக்காரு? சாமி வரம் குடுத்தாலும் இந்த ஆளு குடுக்க மாட்டாரே!”

வெளியில் இசோகாய்க்கு அதுதான் பெயர். பூசாரி. அவருக்கும் அது தெரியும்.

அந்த வருஷம் மினேகிஷி கொண்டுவந்தது ஒரு துறைமுக ஊரைப் பற்றிய விளையாட்டு. அறையில் தேநீர் வைப்பதும் பேசுவதைக் குறித்துக்கொள்வதும் என் பொறுப்பு என்பதால் நானும் இருந்தேன். இசோகாய் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“மூணாவது தெருவுல கடைக்காரர் நன்றி சொல்றப்போ கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளிய போகுது.”

“சரி பண்ணிடறோம்.”

“கதாநாயகன் கிணத்துக்குள்ள விழுந்தா வெளிய வர முடியல.”

“அவன் ஏங்க கிணத்துல விழறான்? நாங்க அப்படி ஒண்ணும் எழுதலயே.”

“நான் விழவெச்சுப் பார்த்தேன்.”

மினேகிஷி என்னைத் திரும்பிப் பார்த்தார். “பார்த்தீங்களா ஓகிசோ சான்? வேற வேலை இல்லாம ஒரு புள்ளய கிணத்துல தள்ளிவிட்டு வந்து எங்களக் கேக்கறாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசோகாயின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது. ஆனால் அடுத்து அவர் சொல்ல வேண்டியது சிரிக்கிற விஷயமாக இல்லை.

“இன்னொண்ணு. நீங்க கேட்ட பெரிய சிப் கிடைக்காது. அதுல பாதி அளவுதான் குடுக்க முடியும்.”

கேசட்டுக்குள் இருக்கும் சிப்பில்தான் விளையாட்டு முழுவதும் அடங்க வேண்டும். சிப் பாதி என்றால் விளையாட்டும் பாதி.

“பாதியா? அதுல ஒரு முழு ஊரு இருக்குங்க. பாதி ஊரை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?”

“சிப் தட்டுப்பாடு.”

“புது வருஷத்துக்கு உங்க சொந்த விளையாட்டு ஒண்ணு வருதே, அதுக்கும் தட்டுப்பாடா?”

எங்கள் சொந்த விளையாட்டுகளுக்கு ஒதுக்கியது போக மிச்சம்தான் வெளிக் கம்பெனிகளுக்கு என்பது அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும். இசோகாய் தேநீர்க் கெண்டியை எடுத்து மினேகிஷியின் கோப்பையை நிரப்பினார். அது அவர் வேலை இல்லை, என் வேலை.

“மேல முடிவாயிடுச்சுங்க,” என்றார்.

மினேகிஷி அந்தத் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். சில வாரம் கழித்துச் சுருக்கிய விளையாட்டோடு வந்தார். குறைகளைத் திருத்தியிருந்தார்கள், கிணற்றில் ஏணி ஒன்றுகூட வைத்திருந்தார்கள். கேசட் வெளியானது. பெரிதாக விற்கவில்லை.

இசோகாய் அந்தக் கேசட்டை ஓசு கடைத்தெருவில் தன் காசு போட்டு வாங்கினார். ஆபீஸ் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சோதனைக்காக விளையாடும்போது அவர் சுவரில் முட்டுவார், கிணற்றில் விழுவார், ஒரே கதவை ஐம்பது தரம் திறப்பார். கதை எங்கே போகிறது என்று பார்க்க நேரம் இருக்காது. அதனால் தன் கைவழியாக வெளியே போன ஒவ்வொரு விளையாட்டையும் பிறகு கடையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபாத்தாவில் இருந்த தன் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து கடைசிவரை விளையாடுவார். இது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததே ஒரு திங்கட்கிழமை மாடிப்படியில்தான்.

“ஓகிசோ சான், ஒருத்தர் பேசாம நிக்கறது தப்பா?”

என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு நான் பேசாமல் இருந்த வாரம் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு பேசல?”

“ஒரு படகுக்காரர்.”

அப்புறம் படியிலேயே நின்று சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் துறைமுக ஊரில் கடல் வற்றிக்கொண்டே போகிறது. நாயகன் மலை, காடு எல்லாம் அலைந்து கடலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறான். ஆனால் அவன் அந்த ஊரில் இனி தங்க முடியாது. கடைசியில் வழியனுப்ப ஊரே கரைக்கு வருகிறது. மீன்காரி, கொல்லன், விடுதிக்காரர், ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். முதல் நாளிலிருந்து அவனைச் சுமந்த படகுக்காரர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார். எந்தப் பக்கமிருந்து போய்க் கூப்பிட்டாலும் பதில் இல்லை, திரும்புவதும் இல்லை. நாயகன் தானாக ஏறி உட்கார வேண்டும். படகு புறப்பட்டுவிடும்.

“அவன் போறது அவருக்குப் பிடிக்கல. முகத்தக் காட்டினா அழுதுடுவாரு. அதான் திரும்பாம நிக்கறாரு. எழுதின ஆளுக்கு மனுசங்களத் தெரிஞ்சிருக்கு, ஓகிசோ சான். எங்கப்பா என்னை வேலைக்கு ரயிலேத்தின அன்னிக்கு அப்படித்தான் நின்னாரு.”

“மினேகிஷி சான்கிட்ட சொல்லுங்களேன். சந்தோஷப்படுவாங்க.”

“சொல்லக் கூடாதே.”

ஆனாலும் அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த முறை மினேகிஷி வேறொரு விளையாட்டோடு வந்தபோது, வேலைப் பேச்சு முடிந்து அவர் பையை மூடும் நேரத்தில், “அந்தத் துறைமுக விளையாட்டுல ஒரு படகுக்காரர் வருவாரே...” என்று ஆரம்பித்தார். மினேகிஷி பையைக் கீழே வைத்தார். அந்தச் சமயம் கதவைத் தட்டாமல் எங்கள் பிரிவுத் தலைவர் செகியா உள்ளே வந்தார், எதற்கோ கையெழுத்துக்காக. வந்தவர் போகாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“படகுக்காரருக்கு என்ன?” என்றார் மினேகிஷி.

இசோகாயின் காது சிவந்தது. “படகோட விளிம்புல... நிறம் கொஞ்சம் தண்ணிக்குள்ள வழியுது.”

மினேகிஷி அவரையே பார்த்தார். “வெளிவந்து ஆறு மாசம் ஆன விளையாட்டுக்கும் குறையா? செத்தவனுக்கும் ஜாதகம் பார்ப்பீங்க போல.”

செகியா வாய்விட்டுச் சிரித்தார். “எங்க இசோகாய் அப்படித்தாங்க, கண்ணுல எண்ணெய் விட்டுட்டுப் பார்ப்பாரு.” மினேகிஷி சிரிக்கவில்லை.

மறு வருஷம் சாசானாமி ஒரு காரியம் செய்தது. போட்டிக் கம்பெனியின் பெட்டிக்கும் ஒரு விளையாட்டு எழுதியது. சட்டப்படி அதில் தவறில்லை. செகியா கோபப்படவும் இல்லை. இசோகாயைக் கூப்பிட்டு, “ரெண்டு வீட்டு விருந்துக்குப் போறவனுக்கு ரெண்டு வீட்டுலயும் கடைசிப் பந்திதான். வருஷக் கடைசிக்கு அவங்களுக்கு கேசட் இல்ல. தட்டுப்பாடுன்னு சொல்லிடுங்க,” என்றார். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மாதிரி விஷயங்களை யாரும் எழுதுவதில்லை.

பெட்டி விற்கிற தொழிலில் வருஷக் கடைசிதான் அறுவடை. அதை விட்டால் சின்னக் கம்பெனிகள் அடுத்த கோடையைப் பார்ப்பது சந்தேகம்.

மினேகிஷி வந்தார். இசோகாய் மேசையைப் பார்த்தபடி, “சிப் தட்டுப்பாடு. வசந்தத்துக்கு அப்புறம்தான் அடிச்சுத் தர முடியும்,” என்றார்.

அன்றைக்கு மினேகிஷி சண்டை போடவில்லை, கேலியும் பண்ணவில்லை. “இசோகாய் சான், என் மூஞ்சியப் பார்த்து ஒரு தரம் சொல்லுங்க. நான் கெளம்பிடறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தட்டுப்பாடுங்க,” என்றார் மறுபடியும்.

“சரிங்க,” என்று மினேகிஷி எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். செர்ரி பூக்கும் முன்பே சாசானாமியை மூடிவிட்டார்கள் என்று கூடத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் இசோகாய் சாப்பாட்டுக்கூடத்துக்கே வரவில்லை. காலைக் காப்பியோடு கடையில் கொடுக்கும் அவித்த முட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, காலியாக இருந்த அந்த ஜன்னல் இல்லாத அறையிலேயே உட்கார்ந்து மத்தியானம் தின்றார்.

சில வருஷத்தில் காற்று திசை மாறியது. மின்சாதனம் செய்யும் ஒரு பெரிய கம்பெனி புதிதாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. கேசட் கிடையாது, சிடி. அடிக்க அதிகச் செலவில்லை, சீக்கிரமும் அடிக்கலாம். “கொஞ்சமா அடிச்சுப் பாருங்க, வித்தா மறுநாளே இன்னும் அடிச்சுத் தர்றோம்,” என்று அவர்களே ஒவ்வொரு வெளிக் கம்பெனியாகப் படியேறிப் போய்ச் சொன்னார்கள். விருந்து கொடுத்தார்கள். பாராட்டினார்கள். ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். போனவர்கள் எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். என் மேசைக்கு எதிரே இருந்த கூடத்தில் நாற்காலிகள் சும்மா கிடந்தன. நான் அவற்றைத் துடைப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

செகியா இசோகாயைக் கூப்பிட்டார். “போய்ப் பேசுங்க. நம்மள விட்டுப் போக வேணாம்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே.”

இசோகாய் போனார். டோக்கியோவில் முதலில் போன இடத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்களாம். ஒவ்வொரு முறை யாராவது நகல் எடுக்க வரும்போதும் இவர் எழுந்து நின்று வழிவிட வேண்டியிருந்தது. கடைசியில் ஓர் இளைஞன் வந்து இவர் பெயர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மன்னிக்கணும், நீங்க எந்த விஷயமா வந்தீங்க? உங்கள யாரு வரச் சொன்னது?” அந்தக் கம்பெனியின் இருபது விளையாட்டு இவர் கையால் வெளியே போயிருக்கிறது. பூசாரி என்று வைவதற்குக்கூட அங்கே பழைய ஆள் யாரும் இல்லை.

ஒசாக்காவில் அவர் போக வேண்டிய கம்பெனியொன்றில் இப்போது மினேகிஷி ஒரு பிரிவுக்குத் தலைவி. இசோகாயை அவர் காக்கவைக்கவில்லை. உடனே உள்ளே அழைத்தார், பெரிய ஜன்னல் இருந்த அறை, ஆறு தெரிந்தது. இசோகாய் தயார்செய்து வைத்திருந்த பேச்சைப் பேசினார். இனி சிப்புக்குக் குறைவிருக்காது, வருஷத்துக்கு இத்தனைதான் என்ற கணக்கும் இல்லை, விதிகள் தளர்ந்துவிட்டன.

மினேகிஷி கடைசிவரை கேட்டார். “நல்லது. இதையெல்லாம் முன்னாடியே செஞ்சிருந்தா நானும் வேற ஆபீஸ்ல இருந்திருப்பேன். இப்போ முடியாதுங்க. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் சந்தோஷமா இருக்காங்க.”

“சரிங்க.”

வேலை முடிந்தது. இசோகாய் எழுந்து, குனிந்து வணங்கி, கதவுவரை போனார். பிறகு திரும்பி வந்தார்.

“உங்க துறைமுக விளையாட்ட நான் நாலு தரம் முடிச்சிருக்கேன், மினேகிஷி சான். அந்தப் படகுக்காரர் மாதிரி ஒருத்தர வேற எந்த விளையாட்டுலயும் நான் பார்த்ததில்ல.”

“என்னது?”

“அன்னிக்குச் சொல்ல வந்தது அதுதான். நிறம் வழியலைங்க.”

மினேகிஷியின் குரலில் கோபம்தான் இருந்தது.

“நீங்க விளையாடினீங்களா? நாங்க எல்லாரும் என்ன நெனச்சோம் தெரியுமா? நீங்க எடை போட்டுட்டுத் தூக்கி வீசறீங்கன்னு. அகுட்சு, அதை எழுதினவன், ‘இதைக் கடைசிவரைக்கும் ஒரு ஆளாவது பார்த்திருப்பானா மினேகிஷி சான்?’னு கேட்டுட்டே இருப்பான். கம்பெனி மூடினதும் இந்தத் தொழிலே வேணாம்னு போயிட்டான். ஒரு வார்த்தை. அப்போ ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்னங்க குறைஞ்சுபோயிருக்கும்?”

“விதி...” என்று ஆரம்பித்து இசோகாய் நிறுத்திக்கொண்டார்.

மினேகிஷி ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி அவர் பக்கம் தள்ளினார். “என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

அமாகாசாகியில், இரும்பாலை வாசலுக்கு எதிரே, அகுட்சுவும் அவர் மனைவியும் சாப்பாட்டுப் பொட்டலக் கடை வைத்திருந்தார்கள். இசோகாய் போய்ச் சேர்ந்தது மத்தியானச் சங்கு ஊதிய நேரம். நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். இவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்தது.

“பொரிச்ச மீனா, கோழியா?” என்றார் கடைக்காரர்.

“அகுட்சு சான்தானே? நான் நகோயாவுல இருந்து வர்றேன். நீங்க எழுதின விளையாட்டப் பத்தி...”

“விளையாட்டா?” கரண்டி அந்தரத்தில் நின்றது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “என்னங்க அங்க? பின்னாடி எத்தன பேரு நிக்கறாங்க!”

“யாரோ ஒருத்தரு, என்னோட பழைய விளையாட்டப் பத்திப் பேச வந்திருக்காரு.”

“நல்ல நேரம் பார்த்தாரு. சோத்த அமுக்காம போடுங்க, அதப் பார்த்துட்டே இதுல கோட்ட விடாதீங்க.”

வரிசை கரையும்வரை இசோகாய் ஓரமாக நின்றார். பிறகு அகுட்சு ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். இசோகாய் தன்னைச் சொல்லிக்கொண்டார். மேலிடத்து ஆள் என்றதும் அகுட்சு, “அடேயப்பா, பூசாரியா நீங்க? நான் உங்கள ரொம்ப உயரமான ஆளுன்னு நெனச்சிருந்தேன்,” என்று சிரித்தார். பகை இல்லாத சிரிப்பு. அது இசோகாய்க்குத் தைரியம் தந்தது. நாலு தரம் முடித்ததைச் சொல்லி, மாடிப்படியில் என்னிடம் சொன்னதையெல்லாம் அங்கே நின்று சொன்னார். திரும்பாத முதுகு, பதில் வராத அந்த நிமிஷம், ரயில் மேடையில் நின்ற அப்பா.

அகுட்சு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு,” என்றார் கடைசியில். “ஆனா அது அப்படி இல்லைங்க. அந்த ஆளுக்குப் பேச்சு இருந்துச்சு. எல்லாரையும் விட அவருக்குத்தான் நீளமான பேச்சு. முகமும் இருந்துச்சு. நீங்க பாதி சிப்தான்னு சொல்லிட்டீங்க. எதையாவது வெட்டணும். ராத்திரி பகலா வெட்டினோம். கடைசியில ஒரு துளி இடம் பத்தல. படகுக்காரரோட முகப் படத்தையும் பேச்சையும் தூக்கிட்டேன். முதுகுப் படம் மட்டும் மிஞ்சுச்சு. அதான் அப்படி நிக்கறாரு.”

இசோகாய் எதிரே வெயில் அடித்துக்கொண்டிருந்த இரும்பாலைச் சுவரைப் பார்த்தார்.

“அவரு என்ன சொல்றதா இருந்துச்சு?”

அகுட்சு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைக்கூடத் தேய்த்தார். “ஞாபகம் இல்லைங்க. ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதினது மட்டும் ஞாபகம் இருக்கு.”

“எங்கயாவது...”

“எல்லாம் போச்சு. கம்பெனி மூடினப்போ மெஷினையெல்லாம் யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க.” பிறகு, இவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர்போல, “நாலு தரம் முடிச்சீங்களா? அந்த மணல் மலையக்கூடவா தாண்டினீங்க? எனக்கே அது ஒரு தரம்தான் முடிஞ்சுது,” என்றார்.

“மணல் மலை கஷ்டம்தான்,” என்றார் இசோகாய்.

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “சாப்பிட்டீங்களா? நகோயாவுல இருந்து வெறும் வயித்தோடவா வந்தீங்க?” ஒரு பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். இசோகாய் காசை எடுத்தார். வாங்க மாட்டோம் என்றார்கள். வெளியாளிடம் எதுவும் வாங்காமல் பழகிய கை கொஞ்சம் தயங்கியது. பிறகு வாங்கிக்கொண்டு, கடைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நீலச் சட்டைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். பொரித்த மீன். யாரும் அவரோடு பேசவில்லை. இரண்டாம் சங்கு ஊதியதும் எல்லோரும் எழுந்து வாசலுக்குள் போய்விட்டார்கள். பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார்.

நகோயா திரும்பியதும் செகியாவிடம், “யாரும் வர மாட்டாங்க,” என்று மட்டும் சொன்னார். என்னிடம் இதையெல்லாம் சொன்னது அப்புறம், அவருடைய பிரிவைக் கம்பெனி கலைத்த பிறகு. “நான் அழகுன்னு நெனச்சது நான் வெட்டவெச்ச இடம், ஓகிசோ சான்,” என்றார். நான் மிசோக் குழம்பு ஊற்றிய கட்லெட் வாங்கித் தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டேன். இன்னொரு நாள் என்றார். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

கம்பெனி விழுந்துவிடவில்லை. சொந்த விளையாட்டுகளை வைத்தே தாக்குப்பிடித்தது. இசோகாயைத் தரைத்தளத்தில் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பெட்டி கெட்டுப்போனவர்கள் நாடு முழுவதிலிருந்தும் தபாலில் அனுப்புவார்கள். சரிசெய்ததும் அவர்களுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும். பல பேர் பெட்டிக்குள் கேசட்டை எடுக்காமலே அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் சம்பளக் காகிதம் கொடுக்க நான் அந்தப் பக்கம் போனபோது அவர் போனில் இருந்தார். “சரியாயிடுச்சுங்க, நாளைக்கு அனுப்பிடறோம். உள்ள உங்க கேசட் ஒண்ணு இருந்துச்சு. அது நல்ல விளையாட்டுங்க. எல்லாரும் பாதியில விட்டுடுவாங்க, நீங்க கடைசிவரைக்கும் போய்ப் பாருங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப் பேசக் கூடாது, நேரம் வீணாகிறது என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை சொல்லிவிட்டாராம். இவர் விடவில்லை. ஓய்வு பெறும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும், “ஆங், சரிங்க, பெட்டி என்னிக்கு வரும்?” என்றுதான் பதில் வரும். அவர் தேதியைச் சொல்லி, நன்றி சொல்லி, ரிசீவரை மெதுவாக வைப்பார்.